பெரிய படமும் சின்னப் பெட்டியும்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

திருமழிசையில் என் ஆயா வீட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. தமிழக அரசு 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டி. புடைத்த கண்ணாடியும் நீண்ட முதுகும் உடைய அந்தக் குழாய் வகைப் பெட்டியை மாற்றலாம் என்றால், "நல்லாத்தானே பாடுது, அதுக்கு இன்னா கொற?" என்று ஆயா விடுவதில்லை. இக்கட்டுரை அந்தப் பெட்டியிலிருந்து பிறந்தது.

2011-ஆம் ஆண்டு தை மாதம் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் சித்தப்பாவுக்குத் திருமணம் நடந்தது. அப்போது எனக்கு ஐந்து வயது. அதனை உயர்தெளிவு வீடியோ கேமராவில் படம் பிடித்தார்கள். என் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். 2015-இல் நோயுற்றுக் காலமானார். கைப்பேசியில் படமெடுக்கும் வசதி எங்கள் வீட்டிற்கு வருமுன்பே அவர் போய்விட்டார். ஆகவே அப்பா நடப்பதையும் பேசுவதையும் காண வேண்டுமானால் எங்களுக்கு இருப்பது அந்தத் திருமணப் படம் ஒன்றே. அதிலும் அவர் நன்றாகத் தெரிவது பதினோரு விநாடிகள்தாம். மணமேடையின் இடப்புறம் பித்தளைச் செம்பைப் பிடித்தபடி நிற்கிறார்; கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்; "போதும்பா, பந்தியப் போயி எடு" என்கிறார்.

படம் பிடித்த நிலையத்தார் ஒரே ஒரு டி.வி.டி. தட்டில் மூன்று மணி நேரத்தையும் அடைத்துக் கொடுத்தார்கள். ஆயா அதை இரண்டு தடவைக்குமேல் பார்த்ததில்லை. "எம் புள்ள இவ்ளோ நோஞ்சானா இருக்கானே! அப்பவே அவனுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கு. எங்கிட்ட யாரும் சொல்லல" என்பார். இல்லை என்று அம்மா எத்தனை முறை சொல்லியும் அவர் நம்பவில்லை. கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது?

சென்ற ஆண்டு மாலை வேளைகளில் ஆவடியில் ஒரு வீடியோ நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே சேர்ந்த பின்புதான், ஆயா கண்ட படம் பொய் என்று அறிந்தேன். பெரிய படத்தைச் சின்னப் பெட்டிக்கு மாற்றும்போது நிகழ்ந்த பிழை அது. அந்த மாற்றம் எப்படி நடக்கிறது, எங்கெங்கே தவறுகிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே சொல்கிறேன்.

தொலைக்காட்சிப் படம் என்பது வரிவரியாகத் தீட்டப்படுவது. டெல்லியில் 1959-இல் தொடங்கிய நம் நாட்டுத் தொலைக்காட்சி, சென்னைக்கு 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் வந்தது. 1982-இல் வண்ணம் பெற்றது. அது கைக்கொண்ட முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். அவற்றுள் கண்ணுக்குரிய காட்சியைச் சுமப்பவை 576. டி.வி.டி. தட்டும் இதே கணக்கைத்தான் பின்பற்றுகிறது: உயரத்தில் 576 வரிகள், ஒவ்வொரு வரியிலும் 720 படப்புள்ளிகள், விநாடிக்கு 25 படங்கள். இதையே சாதாரணத் தெளிவு என்கிறோம். முழு உயர்தெளிவுப் படத்திலோ 1080 வரிகள், வரிக்கு 1920 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் ஒன்றில் 20,73,600 புள்ளிகள், மற்றதில் 4,14,720. சரியாக ஐந்து மடங்கு!

ஆனால் சித்தப்பா திருமணத்தை எடுத்த கேமரா எச்.டி.வி. என்னும் முறையைச் சேர்ந்தது. சோனி, கேனன், ஜே.வி.சி., ஷார்ப் ஆகிய நிறுவனங்கள் 2003-இல் வகுத்த முறை இது. உள்ளங்கையில் அடங்கும் சிறிய நாடாக் கேசட்டில், ஒரு மணி நேரம் உயர்தெளிவுப் படத்தைப் பதிய இதனால் முடிந்தது. திருமண நிலையங்களில் இது பல ஆண்டுகள் புழங்கியது. இதில் வரிக்கு 1920 புள்ளிகள் இல்லை, 1440 தான். அப்படியானால் படத்தின் அகலம் குறைந்துவிடாதா என்று கேட்கலாம். குறையாது. ஒரே நீளமுள்ள சுவரை மூன்று அங்குலக் கல்லால் கட்டினால் 1920 கல் வேண்டும். நான்கு அங்குலக் கல்லால் கட்டினால் 1440 போதும். அதுபோல எச்.டி.வி.யின் புள்ளிகள் சதுரமல்ல. அகலவாக்கில் சற்று நீண்டவை.

புள்ளிக்கும் ஒரு வடிவம் உண்டு என்னும் இந்தச் சிறு செய்தியை மறந்ததால்தான் அப்பா இளைத்துப் போனார்.

உயர்தெளிவுப் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16-க்கு 9. ஆயா வீட்டுப் பெட்டியின் விகிதம் 4-க்கு 3. டி.வி.டி. தட்டில் இரண்டு விகிதப் படங்களையும் பதியலாம். வியப்பு என்னவென்றால் இரண்டுக்கும் அதே 720, அதே 576 தான். இது அகலப் படம், இது குறுகிய படம் என்று சொல்வதற்குத் தட்டில் ஒரு சிறு குறியீடு மட்டும் இருக்கும். ஓட்டும் கருவி அந்தக் குறியீட்டைப் படித்தே படத்தை விரித்தோ விரிக்காமலோ காட்டுகிறது. எங்கள் தட்டைச் செய்தவர்கள் அகலப் படத்தை 720-க்குள் அமுக்கினார்கள். குறியீட்டை 4-க்கு 3 என்று விட்டுவிட்டார்கள். விளைவு, படத்திலுள்ள ஒவ்வொன்றின் அகலமும் நாலில் மூன்று பங்காயிற்று. நாலங்குலக் கம்பியை மூன்றங்குலமாகக் கடைந்தது போல! உயரம் மட்டும் குறையவில்லை. அந்தப் படத்தில் என் அப்பா மட்டுமல்ல, பெருத்த சரீரமுடைய எங்கள் பெரிய மாமாவும் ஒல்லிதான். ஆனால் தாயின் கண் மாமாவை ஏன் பார்க்கப் போகிறது?

முதலில் ஓட்டும் கருவியின் மீதுதான் எனக்குச் சந்தேகம். அதன் பட்டியலில் தொலைக்காட்சி எவ்வகை என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. குறுகிய பெட்டியை இணைத்துவிட்டு அகலம் என்று வைத்திருந்தாலும் ஆட்கள் ஒல்லியாவார்கள். பல வீடுகளில் கோளாறு இதுதான். அரை நிமிடத்தில் சரிசெய்யலாம். எங்கள் வீட்டில் அதை மாற்றிப் பார்த்தும் படம் மாறவில்லை. ஆகவே குற்றம் தட்டினுடையதே.

இன்னொரு வேடிக்கை. சித்தப்பா வீட்டில் அதே தட்டை அவருடைய புதிய தட்டைப் பெட்டியில் போட்டால் எல்லோரும் சரியான பருமனில் தெரிகிறார்கள்! அந்தப் பெட்டி, எந்தக் குறுகிய படம் வந்தாலும் திரை முழுவதும் இழுத்துப் பரப்பும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அமுக்கியது ஒரு பிழை, இழுத்தது மற்றொரு பிழை. இரண்டும் சேர்ந்து நேராகிவிட்டன. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக அங்கிருந்து ஒரு புகாரும் வரவில்லை. ஆயாவின் புலம்பலை வயதான காலத்துப் பேச்சு என்று நாங்கள் தள்ளிவிட்டோம்.

குறியீட்டை மட்டும் திருத்தினால் போதுமா? வடிவம் சரியாகும். ஆனால் அந்தத் தட்டில் வேறு குறைகளும் இருந்தன. 4.7 ஜிகாபைட் கொள்ளும் தட்டில் மூன்று மணி நேரத்தை அடைத்தால், ஒலியையும் சேர்த்து விநாடிக்கு ஏறத்தாழ 35 லட்சம் பிட்டுகளே கிடைக்கும். டி.வி.டி. முறை படத்துக்கு 98 லட்சம் வரை அனுமதிக்கிறது. அசையாத முகத்துக்கு 35 லட்சம் போதும். அட்சதை தூவும்போது ஒவ்வொரு அரிசியும் ஒரு திசையில் பறக்கிறதல்லவா? அங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. ஆகவே மூலநாடாவைத் தேடுவதே வழி.

பல நிலையங்களில், தட்டைக் கொடுத்ததும் நாடாவை அழித்து அடுத்த திருமணத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. நல்லகாலம், சித்தப்பா அப்போதே கேசட்டுக்குத் தனியாகப் பணம் கொடுத்து மூன்றையும் வாங்கியிருந்தார். சித்தியின் பீரோவில், ஆல்பத்துக்கு அடியில், ஒரு மஞ்சள் பைக்குள் அவை இருந்தன.

நான் வேலை செய்யும் நிலையத்தில், இவ்வகை நாடாவை ஓட்டக்கூடிய பழைய கேமரா ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமையாளர் சொன்னார்: "கேமராவிலேயே சின்னதா மாத்தி வர்ற மாதிரி வச்சிக்கோ தம்பி, வேல சுலபம்." உண்மைதான். இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில், நாடாவில் உள்ள பெரிய படத்தைச் சாதாரணத் தெளிவாக மாற்றியே வெளியே அனுப்பும் வசதி உண்டு. (அப்படி வருவது டிஜிட்டல் வீடியோ என்னும் முந்தைய முறைப் படம். அதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் தொலைக்காட்சியின் சுருக்கம் போலவே 'டி.வி.' என்று ஆகிவிடுகிறது. குழப்பம் வேண்டாமென்று இங்கே 'பழைய முறை' என்றே குறிக்கிறேன்.) ஆனால் நான் அதைச் செய்யவில்லை. நாடா வயதானது, கேமராவும் வயதானது. இன்னொரு முறை இரண்டும் ஒத்துழைக்குமா என்பது தெரியாது. எனவே முதலில் நாடாவில் இருப்பதை இருக்கிறபடியே கணினியில் ஏற்றினேன். விநாடிக்கு 250 லட்சம் பிட்டு வீதம், ஒரு கேசட்டுக்கு ஏறத்தாழ 11 ஜிகாபைட் ஆனது. அதை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்திய பின்புதான் மாற்றும் வேலையைத் தொட்டேன். சின்னப் படத்தைப் பெரிய படத்திலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். சின்னதிலிருந்து பெரியதை மீண்டும் பெற முடியாது.

மாற்றுவதற்கு எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவசக் கணினி நிரலைப் பயன்படுத்தினேன். முதல் கேள்வி, அகலப் படத்தைக் குறுகிய பெட்டியில் எப்படி வைப்பது? இரு ஓரங்களையும் வெட்டி நடுப்பகுதியை மட்டும் எடுக்கலாம். 1920 என்ற கணக்கில் பக்கத்துக்கு 240 புள்ளிகள் போகும். பெட்டி முழுவதும் படம் நிறையும். ஆனால் செம்பைப் பிடித்துக்கொண்டு இடப்புற ஓரத்தில் நிற்கும் அப்பாவின் பாதி உடல் போய்விடும். ஒல்லியாக்கியது போதாதென்று பாதியாகவும் ஆக்குவதா? ஆகவே முழு அகலத்தையும் வைத்துக்கொண்டு, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடும் முறையைக் கைக்கொண்டேன். 576 வரிகளில் படம் 432 வரிகளைப் பிடிக்கும். மேலே 72, கீழே 72 வரிகள் கறுப்பு. 14 அங்குலப் பெட்டியில் படத்தின் உயரம் ஆறங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். அகலக் குறியீட்டோடு தட்டைச் செய்தால் ஓட்டும் கருவியே பட்டையை விட்டுக் காட்டும் என்பது உண்மை. சித்தப்பாவுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். ஆயா வீட்டுக் கருவி அந்த வேலையைக் கரடுமுரடாகச் செய்ததால், அங்கே மட்டும் பட்டையைப் படத்தோடு சேர்த்தே பதிந்தேன்.

கணக்கு இப்போது அழகாக வருகிறது. நாடாவில் 1440-க்கு 1080. பெட்டியில் 720-க்கு 432. குறுக்கே இரண்டு புள்ளிகள் ஒன்றாக வேண்டும்; நெடுக்கே ஐந்து வரிகள் இரண்டாக வேண்டும். அதாவது ஐந்து புள்ளிகளின் இடத்தில் ஒரு புள்ளி. எந்த ஒன்று என்பதுதான் கேள்வி. ஐந்தில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடலாம். வேலை விரைவாக முடியும். ஆனால் சித்தியின் பட்டுப்புடவையில் நூல் போல் மெல்லிய ஜரிகைக் கோடுகள் இருக்கின்றன. பொறுக்கிய வரியில் அக்கோடு அகப்பட்டால் தெரியும். எறிந்த வரியில் அகப்பட்டால் மறையும். கேமரா சிறிது அசைந்தாலும் கோடு தோன்றுவதும் மறைவதுமாகப் புடவையே கொதிப்பது போல மினுக்கும். இரண்டு கொசுவலைகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு இழுத்துப் பாருங்கள், இல்லாத அலைகள் ஓடும். அது போன்றதே இதுவும். எனவே பொறுக்கக் கூடாது. பக்கத்துப் புள்ளிகளின் ஒளியையெல்லாம் உரிய பங்குப்படி கலந்து சராசரி காண வேண்டும். ஜரிகை சற்று மழுங்கும். ஆனால் அமைதியாக இருக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இதுவரை ஒரு படத்தில் 1080 வரிகள் என்று சொன்னேன். அவை ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ஒற்றைப்படை வரிகள் 540 முதலில். விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள் 540. இவற்றை அரைப்படங்கள் எனலாம். விநாடிக்கு 25 படம் என்பது உண்மையில் 50 அரைப்படங்கள். நம் வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சியோடு ஒத்துப்போகும்படி பழைய நாளில் அமைந்த கணக்கு இது. உயர்தெளிவு வந்த பின்பும் தொடர்ந்தது. இரண்டு நேரங்களைச் சேர்ந்த வரிகள் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிக் கிடக்கும்போது, அப்படியே சராசரி எடுத்தால் என்னவாகும்? தாலி கட்டும் கை இரண்டு இடங்களிலும் மங்கலாகத் தெரியும். சித்தப்பாவுக்கு ஒரு ஆவிக்கை முளைத்துவிடும். பழைய தட்டில் அப்படித்தான் இருந்தது.

முறையான வழி நீளமானது. முதலில் அரைப்படங்களைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் விடுபட்ட வரிகளை அக்கம்பக்கத்து வரிகளைக் கொண்டு ஊகித்து நிரப்பினால் விநாடிக்கு 50 முழுப்படங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்கி, கறுப்புப் பட்டை சேர்த்து, பிறகு ஒன்றிலிருந்து ஒற்றைப்படை வரிகள், அடுத்ததிலிருந்து இரட்டைப்படை வரிகள் என்று எடுத்து மீண்டும் பின்ன வேண்டும். அப்போதுதான் அசைவு அசைவாகவே இருக்கும்.

இவ்வளவும் செய்து முதல் தட்டை எடுத்துக்கொண்டு திருமழிசைக்குப் போனேன். அப்பாவின் பருமன் சரியாக இருந்தது. ஆனால் தவில் வாசிப்பவரின் கை முன்னும் பின்னும் உதறியது. "மேளக்காரருக்குக் குளிரா?" என்றார் ஆயா. தை மாதத் திருமணம். குளிர் என்றே சொல்லித் தப்பித்திருக்கலாம். உண்மையில் நான் அரைப்படங்களின் வரிசையை மாற்றிவிட்டிருந்தேன். எச்.டி.வி. நாடாவில் மேல் வரியைக் கொண்ட அரைப்படம் முதலில் வரும். பழைய முறையில் கீழ் வரியைக் கொண்டது முதலில் வரும். நிலையத்துக் கணினியில் பழைய முறைக்கான அமைப்பே இருந்தது, நான் கவனிக்கவில்லை. பின்னால் வரவேண்டியது முன்னால் வந்துவிட்டால், அசைவு மூன்றடி முன்னே போய் ஓரடி பின்னே வரும். கணினித் திரை இரண்டு அரைப்படங்களையும் ஒன்றாக்கிக் காட்டியதால் அங்கே இது தெரியவில்லை. ஆயாவின் குழாய்ப் பெட்டி ஒவ்வொன்றையும் தனியே தீட்டுவதால் காட்டிக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து நிலையத்திலும் ஒரு பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறோம்.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பதியப்படுவதில்லை. ஒளியளவு ஒன்று, நிற வேறுபாடு இரண்டு என்று பதியப்படுகிறது. ஒளியளவில் பச்சையின் பங்கு சாதாரணத் தெளிவில் 0.587, உயர்தெளிவில் 0.715. இந்த விதிகளை 601 என்றும் 709 என்றும் எண்ணிட்டு அழைக்கிறார்கள். ஒன்றின்படி எழுதியதை மற்றொன்றின்படி படித்தால் சிவப்பு சற்று மங்கும், பச்சை சற்று மிகும். பெரிய பிழையன்று; பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் கூறைப்புடவையின் சிவப்பை வீட்டுப் பெண்கள் மறப்பதில்லை. மாற்றும்போது இதையும் சொல்லி மாற்றச் செய்தேன்.

என்னால் திருத்த முடியாத குறை ஒன்று உண்டு. எச்.டி.வி. நாடாவில் ஒவ்வொரு படமும் தனித்து நிற்பதில்லை. பன்னிரண்டு படங்கள் ஒரு கூட்டம். முதலாவது முழுமையாகவும், மற்றவை அதிலிருந்து எவ்வளவு மாறின என்பதாகவும் பதியப்படும். நாடாவில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்தால் ஒரு புள்ளி போவதில்லை, கூட்டமே போகும். அப்பாவின் பதினோரு விநாடியில், அதாவது 275 படங்களில், அப்படி ஒரு கூட்டம் போய்விட்டது. அவர் சிரித்துத் திரும்பும் இடத்தில் ஏறத்தாழ அரை விநாடி படம் அப்படியே நிற்கிறது. போனதை ஊகித்து நிரப்பக்கூடிய நிரல்கள் இன்று இருக்கின்றன. அவை நிரப்புவது அப்பாவின் சிரிப்பாக இருக்காது என்பதால் நான் தொடவில்லை.

இரண்டாவது தட்டோடு போன ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் உடன் வந்தார். ஆயா பெட்டிக்கு இரண்டடி தூரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மேளக்காரருக்குக் குளிர் விட்டிருந்தது. அப்பா செம்போடு நின்றார். கொஞ்சம் தொந்தியும் தெரிந்தது.

ஆயா பேசவில்லை. மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாம் முறை, "நல்லாத்தான் இருந்திருக்கான்" என்றார், அம்மாவைப் பார்த்து.

"அதைத்தானே அத்தே இத்தன வருஷமா சொல்றேன்" என்றார் அம்மா.

"அந்த எடத்துல ஏன்டா நிக்கிறான்?" என்று ஆயா என்னைக் கேட்டார். நாடாவில் சிறிது அழிந்துவிட்டது என்றேன். "செரி, திரும்பப் போடு" என்றார்.

மூன்று கேசட்டுகளில் இரண்டை ஏற்றியாயிற்று. மூன்றாவதில் பந்திக் காட்சிகள் இருப்பதாகச் சித்தி சொல்கிறார். நிலையத்துக் கேமராவில் நாடாவை உள்ளிழுக்கும் பகுதி இப்போது அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. அதைப் பழுது பார்ப்பவர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பருவத் தேர்வு முடிந்ததும் முதல் வேலை அதுதான்.